ஆயாக் கொட்டகையில் பதிந்த பாட்டுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து லிந்தாங்குக்குப் போகும் சாலையில், இன்று செம்பனை மரங்கள் வரிசை பிடித்து நிற்கும் ஓரிடத்தில், முன்னொரு காலத்தில் ரப்பர்த் தோட்டம் ஒன்று இருந்தது. அந்தத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில், 1986-ஆம் ஆண்டுத் தீபாவளிக்குப் பிறகு, பால்வெட்டுத் தொழிலாளர்கள் சிலரும் அவர்களுடைய தம்பி தங்கைகளும் இரவு நேரங்களில் கூடி, இளையராஜாவின் பாட்டுகளைத் தங்களால் இயன்றவாறு பாடியும் வாசித்தும் கேசட்டு நாடாவில் பதிந்து வந்தார்கள். அவர்களை முன்னின்று நடத்தியவர் என் அண்ணன். ஒலிப்பதிவுப் பெட்டியின் சிவப்புப் பொத்தானை அமுக்கும் உத்தியோகம் எனக்கு வாய்த்திருந்தது. அந்த நாடாக்களைப் பற்றி எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகு காலமாக உண்டு. சங்கீத சரித்திரத்தில் அவற்றுக்கு ஒரு மூலையாவது கிடைக்குமா என்ற விசாரம் எனக்கு இல்லை; எங்கள் தோட்டத்தின் சரித்திரத்தில் அவற்றுக்குள்ள இடம் வேறு எந்தத் தஸ்தாவேஜுக்கும் இல்லை என்பதே நான் சொல்ல விரும்புவது.

தோட்டப்புற வாழ்க்கையில் பரிசயமில்லாத வாசகர்களுக்கு ஆயாக் கொட்டகை இன்னதென்று சொல்லிவிடுவது உசிதம். தாய்மார்கள் விடியுமுன்னே பால்காட்டுக்குப் போய்விடுவார்களாதலால், கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள நிர்வாகம் ஒரு கிழவியையோ இருவரையோ நியமித்து, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட நீண்ட கூடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்திருக்கும். பகலெல்லாம் அழுகையும் தாலாட்டுமாக இருக்கும் அந்தக் கூடம் இரவில் காலியாகிவிடும். கோவில் மண்டபத்தை விட்டு இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அண்ணன் சொன்ன காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை. உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கிய பழைய புடவைத் தொட்டில்களைக் காட்டி, "இந்தத் துணியெல்லாம் சத்தத்தக் குடிச்சிரும்டா, கோயில்ல பாடுனா ஒண்ணு ரெண்டாக் கேக்கும்" என்றார். பிற்காலத்தில், பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் சுவரெங்கும் கனத்த திரைகளும் பஞ்சுப் பலகைகளும் அமைப்பது இதே காரணத்துக்காகத்தான் என்று அறிந்தபோது, ரப்பர் ஸ்டோரில் பால் நிறுத்துக்கொண்டிருந்த ஒருவர் எந்தப் புத்தகத்தையும் பாராமல் காதைக் கொண்டே கண்டுபிடித்த அந்த உண்மையின் அருமை எனக்குப் புலப்பட்டது.

குழு என்று சொல்லத்தக்க அளவுக்கு நாங்கள் பெரிய கூட்டம் அல்லோம். பஜனை மடத்து ஆர்மோனியத்தை வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவர். மாரியம்மன் திருவிழாவில் உறுமி அடிக்கும் இளைஞர் ஒருவர். பாட்டுக்கு எங்கள் அத்தை மகள். அவள் விடியற்காலையில் வெட்டுக்குப் போய், நண்பகலில் பால் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, மாலையில் ஒட்டுப்பால் வாசனை போகக் குளித்துவிட்டுத்தான் பாட வருவாள். வானொலியில் ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிடும். எங்களிடமிருந்த ஒரே நவீன சாதனம் காசியோ எம்.டி.-40 என்ற சிறிய விசைப்பலகை. வலப்புறம் விரல் பருமன் கூட இல்லாத 37 கட்டைகளும், இடப்புறம் மந்தர ஸ்வரங்களுக்கென்று 15 பொத்தான்களும் உடைய அந்த வாத்தியம், அண்ணனைப் போன்ற ஒருவர் கைக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் உலகச் சந்தையில் நடந்த ஓர் அனர்த்தம். 1985 அக்டோபரில் சர்வதேச ஈயக் கவுன்சில் கடனில் மூழ்கி, லண்டன் சந்தையில் ஈய வியாபாரமே நின்று, விலை அதலபாதாளத்தில் விழுந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களான லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஈப்போவில் அதுவரை வசதியாக வாழ்ந்த குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை விற்கத் தலைப்பட்டன. பழைய சாமான் கடை ஒன்றில், தையல் யந்திரங்களுக்கும் மின்விசிறிகளுக்கும் நடுவே கிடந்த காசியோவை அண்ணன் தவணை முறையில் பணம் கட்டி வாங்கி, மழைத் துணியில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தார்.

அதுவரை தோட்டத்து இசைக்குழுக்களுக்குச் சினிமாப் பாட்டை நகல் செய்வது பெரிய காரியமாக இருந்ததில்லை. 1976-இல் அன்னக்கிளி வந்தபோது எங்கள் பெரியவர்கள் அந்தப் பாட்டுகளை ஆர்மோனியத்தையும் தபேலாவையும் வைத்துக்கொண்டே பாடி ஊரை மயக்கினார்களாம். இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரத்துக் காற்று எங்கள் லயங்களிலும் வீசியது என்றால், அந்த ராகங்கள் எங்கள் பாட்டன்மார் கப்பலேறும்போது கூடவே கொண்டுவந்தவை என்பதுதான் காரணம். ஆனால் 1986 நவம்பரில் கே. பாலசந்தரின் புன்னகை மன்னன் வந்தபோது நிலைமை அடியோடு மாறிற்று. அந்தப் படத்தின் இசைக்கு இளையராஜா யமஹா நிறுவனத்தின் சி.எக்ஸ்.5எம் என்ற கணினியைப் பயன்படுத்தினார் என்பதும், கணினியின் துணையோடு உருவான முதல் தமிழ்த் திரையிசை என்று அது விளம்பரமாயிற்று என்பதும் எல்லாரும் அறிந்தவை. அக்காலத்தில் அவருடைய குழுவில் விசைப்பலகை வாசித்தவர்களுள் திலீப் என்ற இளைஞர் ஒருவர் இருந்தார். பின்னாளில் அவரே ஏ. ஆர். ரகுமான். அதே ஆண்டில் அதற்குச் சில மாதங்கள் முன்னால் வந்த விக்ரம் படத்தின் இசையிலும் இந்த மின்னோசையின் வாடை பலமாக வீசியிருந்தது. எந்த மனிதக் கையாலும் அவ்வளவு சமமாக அடிக்க முடியாத தாளமும், எந்த நரம்பிலிருந்தும் எந்தத் துளையிலிருந்தும் வராத நாதமும் கொண்ட அந்தப் பாட்டுகளைக் கேட்டு, ஆர்மோனியப் பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத எங்கத் தம்பி புடிக்கிறது? கட்டையே இல்லாத சத்தமால்ல இருக்கு" என்றார்.

பிடித்தே தீருவது என்று அண்ணன் உட்கார்ந்துவிட்டார். ஈப்போவில் வாங்கிய கேசட்டை ஓடவிட்டு, ஒரு வரி கேட்டு, நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி, மறுபடியும் கேட்பார். பாட்டைக் கேட்க மாட்டார். பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு ஓசையைத் தேர்ந்து அதை மட்டும் தொடர்ந்து போவார். முதல் நாள் மந்தர ஸ்வரங்களின் நடையை மட்டும். மறுநாள் மேலே மின்னி மறையும் சிறு மணியோசையை மட்டும். அதற்கடுத்த நாள் இரண்டுக்கும் நடுவே மங்கலாக விரிந்து நிற்கும் வயலின்களை மட்டும். இப்படி ஒரு பாட்டை அவர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, எந்த ஓசை யார் கைக்கு என்று பங்கிட்டுக் கொடுத்தார். புன்னகை மன்னனின் கருவி இசையில் மந்தர ஸ்வரம் வழுக்கிக்கொண்டு இறங்கும் ஓரிடத்துக்குக் காசியோவில் வழி இல்லை. உறுமிக்காரர் சற்று யோசித்து, வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து ஒரு முனகலை எழுப்பினார். அது கீழே இறங்கி, மறுபடி ஏறி, மூல இசையில் இருந்ததைவிடக் கனமாக அந்தக் கூடத்தை நிறைத்தது. மாரியம்மனுக்கு முன்னால் மனிதர்களை ஆவேசம் கொள்ளச் செய்யும் அதே வாத்தியம் ஒரு ஜப்பானிய யந்திரத்தின் ஸ்தானத்தை வகித்த அந்தக் கணத்தில் அத்தை மகள் பாடுவதை நிறுத்திவிட்டு, "மாமா, இன்னொரு வாட்டி!" என்று கத்தியதும் நாடாவில் இருக்கிறது.

இன்னொரு விநோதமும் நேர்ந்தது. ஆர்மோனியத்தின் ஸ்ருதி காசியோவின் ஸ்ருதியைவிட மயிரிழை அளவு தாழ்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே ஸ்வரத்தை இசைத்தால் ஓசையில் ஒரு நடுக்கம், ஓர் அலைவு உண்டாகும். பெரியவர் அதற்காக மிகவும் விசனப்பட்டார். மின்னிசைக் கருவிகளைச் செய்பவர்கள் நாதம் தடிப்பாகக் கேட்பதற்காக இரண்டு ஒலிகளை வேண்டுமென்றே சற்றுப் பிசகவிட்டு இணைக்கிறார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த நடுக்கத்தோடு வாசித்தபோதுதான் எங்கள் நகல் மூலத்தைக் கிட்ட நெருங்கியது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதன் பிறகு பெரியவரை யாரும் ஸ்ருதி சேர்க்க விடவில்லை.

இனி ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சொல்ல வந்த விஷயத்தின் ஜீவனே அங்கேதான் இருக்கிறது. எங்களிடம் இருந்தது வானொலியும் கேசட்டும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு நேஷனல் பெட்டி. அதன் முகப்பில் மிளகளவு துவாரம் ஒன்று, அதற்குள்ளேதான் ஒலிவாங்கி. இரவு பத்து மணிக்குத் தோட்டத்து ஜெனரேட்டர் நின்றுவிடுமாதலால், அதற்கு மேல் பேட்டரியில்தான் வேலை. பேட்டரி களைத்துப் போனால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்த பாட்டை மறுநாள் புதிய பேட்டரியில் போட்டால் வேகமும் ஸ்ருதியும் ஏறி, அத்தை மகளின் குரல் பத்து வயதுச் சிறுமியின் குரலாக மாறிவிடும். ஒரு வாத்தியத்தின் மேல் இன்னொன்றைச் சேர்க்க வேண்டுமானால், பக்கத்து லயத்தில் இரவல் வாங்கிய இரண்டாவது பெட்டியில் முதல் நாடாவை ஓடவிட்டு, அதனுடன் சேர்ந்து வாசித்து, இரண்டையும் புதிய நாடாவில் பிடிப்போம். ஒவ்வொரு முறை இப்படிச் செய்யும்போதும் மூச்சிரைப்பது போன்ற ஒரு சீற்றம் பாட்டின் மேல் படியும். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு பாட்டு திரைக்குப் பின்னாலிருந்து வருவதாகவே தோன்றும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட விசேஷமானது அந்தப் பெட்டியின் உள்ளே, பார்வைக்குத் தெரியாமல், வேலை செய்துகொண்டிருந்த ஓர் ஏற்பாடு. ஒலியளவைக் கையால் கூட்டிக் குறைக்க வழியில்லாத அத்தகைய பெட்டிகளில், அதைத் தானாகவே சீர் செய்துகொள்ளும் மின்சுற்று ஒன்று அமைந்திருக்கும். பெருஞ்சத்தம் வந்தால் அது பெட்டியின் கூர்மையைக் குறைத்துக்கொள்ளும். சத்தம் ஓய்ந்ததும், மெல்ல மெல்லக் கூர்மையை உயர்த்திக்கொண்டே போய், அதுவரை கேளாதிருந்த சிற்றொலிகளையெல்லாம் பெரிதாக்கிவிடும். இதன் பலன் என்னவென்றால், பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன் நாங்கள் மூச்சு வாங்கும் இடைவெளிகளில், தோட்டம் முழுவதும் கொட்டகைக்குள் வந்துவிடும். சில்வண்டு வரும், தூரத்தில் ஜெனரேட்டரின் ரீங்காரம் வரும், நாலாவது லயத்து நாய் வரும், குழாயடியில் யாரோ வாளியை இறக்கி வைக்கும் ஓசை வரும், தூங்காத பிள்ளையை ஒரு தாய் அதட்டும் குரல் வரும். பாட்டு மறுபடி தொடங்கியதும் அவையெல்லாம் ஒரே நொடியில் பின்வாங்கி மறையும். கோவில் திருவிழா நெருங்கிய சமயத்தில் விடிய விடியப் பதிந்த நாடா ஒன்றில், சரணத்துக்கு முந்திய இடைவெளியில், காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்களத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடிக்கும் ஓசை தெளிவாக விழுந்திருக்கிறது. அத்தை மகள் அடுத்த வரியைப் பாடவில்லை. வாளியையும் உளியையும் எடுக்க ஓடிவிட்டாள். பாட்டு அங்கேயே நிற்கிறது.

மழை பெய்த இரவுகளில் பதிந்தவை தனி ரகம். தகரக் கூரையின் மேல் மழை விழுந்தால் பெட்டிக்கு வேறெதுவும் கேட்காது; உறுமி கூட அதற்கு அடங்கித்தான் போகும். ஆனாலும் மழை ராத்திரிகளில்தான் நாங்கள் அதிகம் பதிந்தோம். இரவில் மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். நனைந்த மரத்தை வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் பரவி வீணாகும். ஆகவே மறுநாள் காலை வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைய கூலியும் இல்லை. விடியுமுன் எழ வேண்டாம் என்ற விடுதலையும், சம்பள நாளில் கை குறையும் என்ற கவலையும் ஒன்றாய்க் கலந்த அந்த இரவுகளில், அத்தை மகள் எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் பாடுவாள். இப்போது என் அண்ணன் மகன் தன் கைப்பேசியில் இளையராஜாவின் பாட்டுகளை லோ-ஃபை என்ற புது உருவத்தில் கேட்கிறான். பாட்டை மெதுவாக்கி, நாடாச் சீற்றத்தையும் மழையோசையையும் பின்னணியில் சேர்த்திருக்கிறார்கள். அது அவனுக்கு மனச்சாந்தி தருகிறது என்கிறான், நான் அதை மறுக்கவில்லை; கேட்கவும் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மழையினால் எவருடைய கூலியும் குறையவில்லை என்ற நினைப்பு எனக்கு வராமல் இருப்பதில்லை.

நான் அப்போது ஈப்போவில் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். என்னுடன் படித்த சீன மாணவன் ஒருவன், நான் இந்தக் காசியோ விவகாரங்களைச் சொல்லக் கேட்டு, தன்னிடமிருந்த ஆங்கிலக் கேசட்டு ஒன்றை இரவல் கொடுத்தான். டெப்பெஷ் மோட் என்ற குழு 1984-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு அது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில், லண்டனின் ஜன நெருக்கடியைத் தணிப்பதற்காக யுத்தத்துக்குப் பின் அரசாங்கம் திட்டமிட்டுக் கட்டிய பாசில்டன் என்ற ஊரில், சாதாரணக் குடும்பத்து இளைஞர்கள் நால்வர் 1980-இல் தொடங்கிய குழு என்பதெல்லாம் நான் பின்னர் படித்து அறிந்தது. முழுக்க முழுக்க மின்னிசை. தொடக்க காலத்தில் அவர்களிடம் இருந்த கருவிகள் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டுமே ஒலிக்கக்கூடியவை. ஆகவே ஆளுக்கு ஒரு ஸ்வர வரிசை என்று பிரித்துக்கொண்டு, அவற்றைப் பாய் முடைவது போல் ஒன்றோடொன்று பின்னினார்கள். அண்ணன் அந்தக் கேசட்டின் முதல் பக்கத்தைக் கேட்டு முடித்ததும் எழுந்து உட்கார்ந்தார். "டேய் தம்பி, இதுல ஒரு பயலும் ரெண்டு கையால வாசிக்கலடா. ஆளுக்கு ஒரு வெரலு. இது நமக்கு ஆவும்" என்றார். ஆங்கிலம் ஒரு வார்த்தையும் தெரியாத மனிதர், கடல் கடந்து வந்த ஒரு நாடாவிலிருந்து அந்தக் குழுவின் தொழில் இரகசியத்தை ஒரே அமர்வில் கண்டுகொண்டதை இன்று நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

அந்தப் பக்கத்தின் மூன்றாவது பாட்டில் இரும்பை இரும்பால் அடிக்கும் ஓசையே தாளமாக இருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வந்த தங்கள் இசைத்தொகுப்புக்காக, அந்த இளைஞர்கள் கிழக்கு லண்டனின் தெருக்களில் அலைந்து, கண்ட கண்ட இரும்பையும் தகரத்தையும் தட்டி, அந்த ஓசைகளைப் பதிந்து, அவற்றையே வாத்தியமாக்கினார்கள். எங்களுக்கு அந்த விவரம் தெரியாது. ஆனால் காதுக்கு அது பழைய சிநேகிதமாகப் பட்டது. உறுமிக்காரர் ஸ்டோரிலிருந்து இரண்டு பால் வாளிகளையும் ஒரு சாக்கு நிறைய மங்குகளையும் கொண்டுவந்தார். மங்கு என்பது மரத்தில் பால் வடிவதற்காகக் கட்டும் பீங்கான் கிண்ணம். அவற்றைத் தரையில் அரைவட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் அளவு பார்த்துத் தண்ணீர் ஊற்றி, மூங்கில் குச்சியால் தட்டி, ஸ்வரம் சேர்த்தார் ஆர்மோனியப் பெரியவர். ஜலதரங்கத்தைச் சிறுவயதில் ஈப்போவில் ஒரு கலியாணக் கச்சேரியில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாராம். மணியோசை வேண்டிய இடமெல்லாம் மங்குகள் பாடின. ஆங்கில வார்த்தைகளுக்கு என்ன செய்வது என்று அத்தை மகள் கேட்க, அண்ணன், "வார்த்தை எதுக்கு, கும்மிக்குப் பாடுற மாதிரி தன்னானே போட்டுப் பாடு" என்றுவிட்டார். பாசில்டனில் பிறந்த ஒரு மெட்டைப் பால்வெட்டும் பெண் ஒருத்தி தன்னானேயில் பாட, அதற்குப் பின்னால் மங்குகளும் வாளிகளும் உறுமியும் காசியோவும் சேர்ந்தொலிக்கும் அந்தப் பதிவை, நாங்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்தது என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். அடுத்த வருஷத் திருவிழாக் கச்சேரியில், திரை விலகுமுன் முன்னிசையாக அதையே வாசித்தார்கள். ஏதோ புதுப்பட இசை என்று எண்ணிக்கொண்டு ஜனங்கள் கைதட்டினார்கள்.

காசியோவைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் தானாகவே ஓடும் தாளம் ஒன்று ராக் என்ற பெயரில் இருந்தது. விக்ரம் பாட்டுகளுக்கு நாங்கள் அதைத்தான் ஓடவிட்டோம். அந்தத் தாளத்தை அமைத்தவர் ஒக்குடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண்மணி. அதே பொத்தானை ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில் சில இளைஞர்கள் அழுத்தி, சற்று நிதானப்படுத்தி, 1985-இல் வேய்ன் ஸ்மித் என்ற பாடகரைப் பாடவைத்தார்கள். அந்த நாட்டுச் சங்கீதம் அன்றிலிருந்து கணினி யுகத்துக்குள் நுழைந்தது என்பார்கள். கரும்புத் தோட்டத்து அடிமைகளின் வம்சத்தவர்களும் ரப்பர்த் தோட்டத்துக் கூலிகளின் வம்சத்தவர்களும், ஒருவரையொருவர் அறியாமல், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே பொத்தானின் மேல் விரல் வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தொண்ணூறுகளில் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, பின் இடிக்கப்பட்டன. ஜனங்கள் சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவின் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் குடிபெயர்ந்தார்கள். ஆயாக் கொட்டகை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே இப்போது முடியாது. அங்கே ஒரு திசையில் பார்த்தால் தெரிவதே எல்லாத் திசையிலும் தெரிகிறது.

எங்கள் வட்டாரம் புத்தகங்களில் ஏறாத இடமன்று. 1877-இல் கோலகங்சாரில், பிரிட்டிஷ் ரெசிடெண்டு ஹியூ லோ தன் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டார் என்பதும், அவற்றுள் ஒரு மரம் இன்னும் அங்கே வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது என்பதும் பிள்ளைகளின் பாடத்தில் வரும். 1948 ஜூன் 16-ஆம் தேதி காலையில் சுங்கை சிப்புட் அருகே எல்பில் தோட்டத்திலும் அதற்குச் சமீபத்துத் தோட்டம் ஒன்றிலும் வெள்ளைத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமானதும் ஒவ்வொரு சரித்திர நூலிலும் உண்டு. துன் வீ. தி. சம்பந்தனின் ஊர் என்ற கீர்த்தியும் சுங்கை சிப்புட்டுக்கு உண்டு; தோட்டங்கள் துண்டு போடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பணியை நன்றியோடு நினைக்காத தோட்டப்புறத் தமிழர் இல்லை. மரத்துக்கு ஏடு இருக்கிறது, துரைமாருக்கு இருக்கிறது, தலைவர்களுக்கு இருக்கிறது, நிர்வாகத்தின் பேரேட்டில் எங்கள் பெயரும் ஈவுப் பாலின் அளவும் கூட எழுதப்பட்டிருந்தன. இரவு ஒன்பது மணிக்கு ஒரு லயத்தில் என்னென்ன ஓசைகள் கேட்கும் என்பதைக் குறித்து வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. நாங்கள் பதிய விரும்பியது சென்னையில் பிறந்த பாட்டை. பதிந்துவிட்டது சுங்கை சிப்புட்டின் இரவு. மூல இசைத்தட்டில் அந்த இரவு இல்லை. பாட்டு எங்களுடைய ஏழ்மையான நகலாகி, அதில் இடைவெளிகள் விழுந்த பிறகே, தோட்டத்துக்கு உள்ளே வர ஒரு வாசல் கிடைத்தது.

சென்ற ஆண்டு அண்ணன் மகன் இந்த நாடாக்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கினான். முதல் நாடா ஏறி முடிந்ததும், "சித்தப்பா, பின்னால வர்ற எரைச்சல மொத்தமா எடுத்துரலாம், ரெண்டு நிமிசந்தான்" என்றான். எடுத்துவிடத்தான் வேண்டும் என்றார் அண்ணன். அவருக்கு அந்த இரைச்சல் அன்றும் பகைதான். அதைக் குறைக்க அவர் பட்ட பிரயாசையை நேரில் கண்டவன் நான். தம் கைவேலை சுத்தமாகக் கேட்க வேண்டும் என்று ஒரு கலைஞர் விரும்புவதில் என்ன குற்றம்? அவர் ஆசைப்படி சுத்தம் செய்த பிரதி ஒன்றைச் செய்யச் சொன்னேன். மாசு படாமல் அப்படியே ஒரு பிரதியும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சுத்தம் செய்த பிரதியில் காசியோ நன்றாகவே கேட்கிறது. அத்தை மகளின் குரலில் மட்டும், சில்வண்டோடு சேர்ந்து அவளுடைய மூச்சும் போய்விட்டது.

அவள் இப்போது சிலிபினில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புந்தோங்கில் அண்ணன் வீட்டுக்கு அவளை அழைத்து வந்து, மாசு நீக்காத பிரதியைப் போட்டோம். தான் பாடிய பாட்டை அவள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. இடைவெளி வந்ததும் கையை உயர்த்தி, "இரு மாமா, இது யாரு வீட்டு நாயி?" என்றாள். அதிலிருந்து எங்கள் வேலை வேறாகிவிட்டது. அண்ணன் மகன் பாட்டுகளை ஒதுக்கி, இடைவெளிகளை மாத்திரம் வெட்டி ஒன்றாய்ச் சேர்த்துக் கொடுத்தான். குழாயடி எவ்வளவு தூரத்தில் கேட்கிறது, நாய் எந்தப் பக்கத்தில் குரைக்கிறது, எந்தத் தாய் எந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று கேட்டுக் கேட்டு, ஒரு பெரிய தாளில் லயங்களை வரையலானோம். கிராணி வீடு, கடை, கோவில், ஜெனரேட்டர்க் கொட்டகை, வீடுகள் ஒவ்வொன்றிலும் யார் குடியிருந்தார்கள் என்ற விவரம். எழுத எழுத ஞாபகம் தொடர்ந்து வந்தது. மூன்றாவது லயத்தின் கடைசி வீட்டில் மட்டும் தகராறு. அங்கே இருமுகிறவர் பழைய தண்டல் என்று அண்ணன் சொல்கிறார். தண்டல் அந்தச் சமயத்தில் ஈப்போ ஆஸ்பத்திரியில் இருந்தார், அது அவருடைய மைத்துனர் என்று அவள் சொல்கிறாள். இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இன்னும் ஒரு நாடா கேட்க வேண்டியிருக்கிறது; அதன் உள்ளே நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு உதிர்ந்துவிட்டதால், சுருள்களைக் கழற்றி வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் மாற்ற வேண்டும். திருகாணி வைத்த பழைய கூடு ஒன்றைத் தேடி, அண்ணன் மகன் வருகிற வாரம் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குப் போகிறான்.